மூடிய பெட்டியின் விலை



2021இல் அமெரிக்காவில் ஒரு டெஸ்லா மாடல் 3 கார், சாலையில் கிடந்த பொருள் ஒன்றின் மேல் ஏறி அடிபட்டது. பேட்டரிப் பெட்டியின் முன் விளிம்பில் கூலன்ட் போய்வரும் பிளாஸ்டிக் முனை உடைந்து, திரவம் ஒழுக ஆரம்பித்தது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் பார்த்துவிட்டு, பேட்டரி முழுவதையும் மாற்ற வேண்டும், 16,000 டாலர் ஆகும் என்றார்கள். வண்டி அங்கிருந்து எலக்ட்ரிஃபைட் கராஜ் என்ற தனியார் பட்டறைக்குப் போனது. அவர்கள் உடைந்த முனையை அறுத்துச் சீராக்கி, ஒரு பித்தளை இணைப்பைப் பொருத்தினார்கள். பில் 700 டாலர்.

பழுது ஒன்றுதான், விலை இருபது மடங்குக்கு மேல் மாறிவிட்டது. பழைய மின்சார கார் வாங்க நினைக்கும் எவரும் முதலில் கேட்பது, "பேட்டரி போனால் எவ்வளவு ஆகும்?" என்றுதான். அதற்கு ஒற்றை விடை கிடையாது. கெட்டுப்போன இடத்தைத் திறக்க யாரால் முடியும், அந்த உதிரி தனியாகக் கிடைக்கிறதா, புதிதாகப் போட்டதை வண்டியின் கம்ப்யூட்டர் ஏற்றுக்கொள்கிறதா என்ற மூன்றும் சேர்ந்துதான் பில்லை எழுதுகின்றன. இதை விளங்கிக்கொள்ள நிசான் லீஃபைவிடப் பொருத்தமான வண்டி இல்லை. 2010 டிசம்பரில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்த கார் அது. ஜப்பானில் ஓடி முடித்து நியூசிலாந்துக்கும் இலங்கைக்கும் செகண்ட் ஹேண்டாகப் போய், அங்கே இரண்டாவது, மூன்றாவது கை மாறி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு மின்சார கார் வயதாகும்போது என்னென்ன நடக்கும் என்பதற்கு இதைவிட விரிவான பதிவு வேறெந்த வண்டிக்கும் இல்லை என்றே சொல்லலாம்.

முதல் லீஃபில் இருந்தது 24 யூனிட் பேட்டரி. வீட்டுக் கரண்ட் பில்லில் வரும் அதே யூனிட்தான். 300 கிலோவை நெருங்கும் எடையுள்ள இரும்புப் பெட்டி, காரின் தரைக்கு அடியில் தொங்கும். அதற்குள் 48 மாட்யூல்கள், ஒவ்வொன்றிலும் 4 செல்கள், ஆக 192 செல்கள். அவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்து 96 ஜோடிகளாக வரிசையில் இணைத்திருப்பார்கள். முழுதாக சார்ஜ் ஏறினால் 400 வோல்ட்டை ஒட்டி வரும். இவ்வளவையும் செய்த நிசான், பெட்டியைக் குளிர்விக்க மட்டும் ஒன்றும் வைக்கவில்லை. கூலன்ட் குழாய் இல்லை, விசிறி இல்லை. சூடு பெட்டியின் உலோகம் வழியாகத் தானாக வெளியேறினால்தான் உண்டு.

ஜப்பானின் யோகோஹாமா நகரத் தட்பவெப்பத்துக்கு அது போதுமானதாக இருந்திருக்கலாம். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் 2012 கோடையிலேயே சாயம் வெளுத்தது. பீனிக்ஸ் நகரத்து உரிமையாளர்கள், வாங்கி ஓரிரு ஆண்டுகூட நிறையாத வண்டிகளில் பேட்டரிக் கோடுகள் மறைவதைப் பார்த்தார்கள். லீஃபின் மீட்டரில் சார்ஜ் காட்டும் கோடுகளை ஒட்டி, பேட்டரியின் கொள்ளளவைக் காட்டும் 12 சின்னக் கோடுகள் உண்டு. கொள்ளளவில் ஏறக்குறைய 15 சதவீதம் போனால் முதல் கோடு மறையும். அதன் பிறகு 6 சதவீதம் சொச்சத்துக்கு ஒன்றாகப் போகும். நிசான் பொறியாளர்கள் ஏழு வண்டிகளை அரிசோனாவின் காசா கிராண்டேயில் உள்ள தங்கள் சோதனைத் தளத்துக்குக் கொண்டுபோய் ஆராய்ந்தார்கள். கோர்ட்டில் வழக்கும் வந்தது. கடைசியில் 5 ஆண்டு அல்லது 60,000 மைலுக்குள் கோடுகள் ஒன்பதுக்குக் கீழே இறங்கினால் பேட்டரியைச் சரிசெய்து தருவோம் அல்லது மாற்றித் தருவோம் என்ற வாரன்டி பிறந்தது. கொள்ளளவு குறைவதற்கு வாரன்டி கேட்டு வாங்கியவர்கள் அந்த பீனிக்ஸ்காரர்கள். இன்று இந்தியாவில் விற்கும் கார்களில் 8 ஆண்டு, 1,60,000 கிலோமீட்டர் என்று பேட்டரி வாரன்டி எழுதித் தருகிறார்களே, அந்த நடைமுறைக்குப் பின்னால் இவர்களுடைய பிடிவாதமும் இருக்கிறது.

வெயில் ஏன் இப்படிச் செய்கிறது? செல்லுக்குள் நடக்கும் தேய்மான வேதிவினைகள் சூடு ஏற ஏற வேகமெடுக்கும். மின்சாரத்தைச் சுமந்து இங்கும் அங்கும் போகவேண்டிய லித்தியம், எதிர்மின்முனையின் மேல் படியும் படலத்தில் சிக்கி நின்றுவிடும். வண்டி ஓடாமல் நின்றாலும் இது நடக்கும். முழு சார்ஜோடு வெயிலில் நிறுத்தினால் இன்னும் கூடுதலாக நடக்கும். ஆகவே "ரொம்பக் குறைவாத்தான் ஓடியிருக்கு" என்ற விற்பனைப் பேச்சு பெட்ரோல் காருக்குப் பொருந்தும் அளவுக்கு இங்கே பொருந்தாது. கிலோமீட்டரோடு வயதையும், அந்த வயதை வண்டி எந்த ஊரில் கழித்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நிசான் 2015 மாடலில் சூட்டைத் தாங்கும் வேறு கலவைக்கு மாறியது. ஒரே தோற்றமுள்ள 2012 லீஃபும் 2015 லீஃபும் செகண்ட் ஹேண்ட் சந்தையில் இரண்டு வேறு வண்டிகள்.

விலைக்கு வருவோம். 2014 ஜூனில் நிசான் அமெரிக்காவில் மாற்றுப் பேட்டரிக்கு 5,499 டாலர் என்று விலை வைத்தது. பழைய பேட்டரியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். மாட்டும் கூலி தனி. 2018 மார்ச்சில் ஜப்பானில் இதைவிட முக்கியமான காரியம் ஒன்று நடந்தது. 2011 அணு உலை விபத்தில் ஊரே காலியான ஃபுகுஷிமா மாகாணத்து நாமியே நகரில், நிசானும் சுமிடோமோவும் சேர்ந்து நடத்தும் ஃபோர்-ஆர் எனர்ஜி என்ற நிறுவனம் பழைய லீஃப் பேட்டரிகளைப் பிரிக்கும் ஆலையைத் திறந்தது. வந்த பெட்டிகளை அவிழ்த்து, மாட்யூல்களைத் தனித்தனியாக அளந்து தரம் பிரிப்பார்கள். முதல் தரம் மறுபடி காருக்குப் போகும். அடுத்த தரம் ஃபோர்க்லிஃப்ட் போன்றவற்றுக்கும் மின்சாரம் சேமிக்கும் நிலையங்களுக்கும் போகும். முதல் தர மாட்யூல்களைச் சேர்த்துக் கட்டிய 24 யூனிட் பேட்டரிக்கு அங்கே விலை 3,00,000 யென். புதியது 6,50,000 யென். செலவு பாதிக்கும் கீழே வந்ததற்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் காரணமாக இல்லை. பெட்டியைத் திறந்து, உள்ளே நல்லது எது, கெட்டது எது என்று பார்த்தார்கள், அவ்வளவுதான்.

இதே வேலையைக் கம்பெனி உதவி ஏதும் இல்லாமல் இலங்கை மெக்கானிக்குகள் செய்ய வேண்டி வந்தது. வரிச் சலுகையின் காரணமாக 2015 வாக்கில் அங்கே ஆயிரக்கணக்கான பழைய லீஃப்கள் ஜப்பானிலிருந்து இறங்கின. கடலோர வெக்கையில் கோடுகள் ஒவ்வொன்றாகப் போயின. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியே நின்றது. தனியார் கார்களுக்கு 2025 பிப்ரவரியில்தான் கதவு மறுபடி திறந்தது. இடையில் 2022இல் பெட்ரோலுக்கு நாள்கணக்கில் வரிசை. மின்சாரமும் மணிக்கணக்கில் இல்லை. அப்படிப்பட்ட காலத்தில் இருக்கிற வண்டியை ஓடவைப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

லீஃப் பேட்டரியைத் திறக்கும் வேலை எப்படி நடக்கிறது என்று கிட்டே நின்று பார்த்தால், இந்தப் பேச்சின் சாரம் கண்ணுக்குத் தெரியும். முதலில் 12 வோல்ட் பேட்டரியைக் கழற்றுவார்கள். பிறகு பின் இருக்கைக்குக் கால் வைக்கும் இடத்தில் விரிப்பை விலக்கி, சிறு மூடியைத் திறந்து, ஆரஞ்சு நிறப் பிளக்கை உருவுவார்கள். அது பேட்டரியின் மின்வரிசையை நடுவில் துண்டிக்கிறது. உருவிவிட்டு உடனே கைவைக்கக் கூடாது. இன்வெர்ட்டரின் கபாசிட்டர்களில் தேங்கிய மின்சாரம் வடிய பத்து நிமிடமாவது காத்திருக்க வேண்டும். மின்காப்புள்ள ரப்பர் கையுறை போட்டு, லிஃப்டில் ஏற்றிய வண்டியிலிருந்து பெட்டியை மேசை லிஃப்ட் மேல் இறக்குவார்கள். மேல்மூடியைச் சுற்றிப் பசை பூசி ஒட்டியிருக்கும். கத்தியை விட்டு மெதுவாக அறுத்தால் மூடி எழும். உள்ளே வெள்ளி நிறத் தகடு போர்த்திய மாட்யூல்கள், பின் இருக்கைக்கு அடியில் வருபவை 24 செங்குத்தாக நிற்கும், மீதி படுக்கையாக அடுக்கியிருக்கும். 96 ஜோடிகளின் வோல்ட்டையும் வரிசையாக அளப்பார்கள். வண்டியை ஓட்டிப் பாரம் கொடுத்தபோது எந்த ஜோடி மற்றவற்றைவிட வேகமாக விழுந்தது என்பதை ஏற்கெனவே செல்போனில் பதிவு செய்து வைத்திருப்பார்கள். அந்த ஒன்றிரண்டு மாட்யூல்களை மட்டும் எடுத்துவிட்டு, விபத்தில் நொறுங்கிய வேறு லீஃபிலிருந்து எடுத்ததை, மற்றவற்றின் வோல்ட்டுக்குச் சமமாக சார்ஜ் செய்து பொருத்துவார்கள்.

மொத்தப் பேட்டரியில் 48இல் ஒன்றிரண்டு பங்குதான் மாறியிருக்கிறது. செலவில் பெரும்பகுதி உடலுழைப்பும் திறமையும். இது நிரந்தர வைத்தியம் என்று யாரும் சொல்லக்கூடாது. மற்ற மாட்யூல்களுக்கும் அதே வயது, அடுத்த பலவீனமானது ஒரு நாள் தலைகாட்டும். ஆனால் ஒரு குடும்பத்துக்குக் கார் இன்னும் சில ஆண்டுகள் கிடைக்கிறது. பசை ஒட்டிய மூடியும் போல்ட்டும்தான் தடையாக இருந்ததால் இது முடிந்தது. இன்று வரும் பல வண்டிகளில் செல்களைப் பசையும் நுரையும் ஊற்றி ஒரே பாளமாக இறுக்கிவிடுகிறார்கள். எடை குறையும், தயாரிப்புச் செலவு குறையும். பத்தாம் ஆண்டில் ஒரு செல் கெட்டால் அதைத் தனியாக எடுக்க வழி இருக்காது. அந்தச் சேமிப்பு தயாரிப்பாளருக்குப் போகிறது, அதன் செலவு மூன்றாவது உரிமையாளர் தலையில் விழுகிறது.

மீட்டர் காட்டுவதை நம்பலாமா? இரண்டு அனுபவங்கள் இருக்கின்றன. லீஃபின் பேட்டரிக் கட்டுப்பாட்டுக் கருவியை ரீசெட் செய்தால் 12 கோடுகளும் திரும்ப வந்துவிடும். பேட்டரி மாறியிருக்காது, கருவி பழைய கணக்கை மறந்திருக்கும். ஓட்ட ஓட்ட உண்மை தெரிந்து கோடுகள் மறுபடி மறையும், அதற்குள் விற்றவர் பணத்தோடு போயிருப்பார். இது பல நாடுகளில் நடந்த மோசடி. இதற்கு நேர்மாறான கதை நியூசிலாந்தில். 2018இல் ஃப்ளிப் த ஃப்ளீட் என்ற உரிமையாளர் குழு, நூற்றுக்கணக்கான லீஃப்களின் அளவீடுகளைச் சேர்த்து, 30 யூனிட் மாடல்கள் 24 யூனிட்டைவிட மும்மடங்கு வேகத்தில் தேய்வதாக அறிவித்தது. வாங்கியவர்கள் பதறினார்கள். நிசான் ஆராய்ந்தபோது, கட்டுப்பாட்டு மென்பொருள் கொள்ளளவைத் தவறாகக் கணக்கிடுவது தெரிந்தது. மென்பொருளைப் புதுப்பித்ததும் எண்கள் மேலே ஏறின. ஒரு போல்ட்டைக்கூடக் கழற்ற வேண்டியிருக்கவில்லை.

ஆகவே வாங்குபவர் எண்ணைப் பார்த்தால் மட்டும் போதாது, ஓட்டியும் பார்க்க வேண்டும். லீஃபுக்கு லீஃப் ஸ்பை என்ற ஆப் இருக்கிறது. ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள ஓ.பி.டி. சாக்கெட்டில் சிறு ப்ளூடூத் கருவியைச் செருகினால் பேட்டரி நலம் எத்தனை சதவீதம், எத்தனை முறை ஃபாஸ்ட் சார்ஜ் ஏற்றினார்கள், 96 ஜோடிகளில் எது தளர்ந்திருக்கிறது என்று திரையில் வரும். பிறகு சார்ஜை நன்றாக இறக்கும் அளவுக்கு ஒரு நீண்ட ஓட்டம். ஜோடிகளுக்கு இடையிலான வித்தியாசம் சார்ஜ் நிறைந்திருக்கும்போது தெரியாது, அடிமட்டத்தில்தான் வெளிப்படும். கடைக்காரர் முழு சார்ஜில் வைத்து ஒரு ரவுண்டு காட்டினால் அதில் ஒன்றும் தெரியாது.

பேட்டரிக்கு வெளியே வரும் பழுதுகளில், நம் வெப்பத்துக்கு மிக நெருக்கமான ஒன்றைப் பற்றி யாரும் போதுமான அளவு எச்சரிப்பதில்லை. அது ஏ.சி. பழுது. பெட்ரோல் காரில் ஏ.சி. கம்ப்ரஸரை எஞ்சினின் பெல்ட் சுழற்றுகிறது. மின்சார காரில் அந்தக் கம்ப்ரஸருக்குள்ளேயே உயர் மின்னழுத்த மோட்டார் இருக்கிறது. அதன் சுருள்களின் மேலேயே குளிர்வாயுவும் எண்ணெயும் ஓடும். அந்த எண்ணெய் மின்சாரத்தைக் கடத்தாத பி.ஓ.இ. வகையாக இருக்க வேண்டும். தெருமுனை ஏ.சி. கடையில் எல்லாக் காருக்கும் போடும் பி.ஏ.ஜி. எண்ணெயைக் கொஞ்சம் ஏற்றிவிட்டால், மின்காப்பு குறைந்து, வண்டியின் பாதுகாப்பு அமைப்பு கசிவு என்று எடுத்துக்கொண்டு வண்டியைக் கிளம்பவே விடாது. கேஸ் நிரப்பப் போன வண்டி இழுவை லாரியில் திரும்பும். கம்ப்ரஸரோடு குழாய்களும் மாறவேண்டிய நிலை வரும். பழைய மின்சார கார் வாங்குபவர், கேஸ் எங்கே நிரப்பினார்கள் என்று விற்பவரிடம் கட்டாயம் கேட்க வேண்டும். பெட்ரோல் காருக்கு யாரும் கேட்காத கேள்வி இது.

எளியதும் உண்டு. மின்சார காரிலும் பழைய மாதிரி 12 வோல்ட் பேட்டரி இருக்கிறது. அது தளர்ந்தால் மீட்டரில் சம்பந்தமில்லாத எச்சரிக்கைகள் வரிசையாக எரியும், பெரிய பேட்டரியே போய்விட்டதுபோல் பயமுறுத்தும். சில ஆயிரம் ரூபாயில் முடிகிற வேலை. ஆனால் அதற்குச் சார்ஜ் ஏற்றும் கருவி கெட்டால் கதை வேறு. ஸ்ரீபெரும்புதூரில் ஒருங்கிணைக்கப்பட்ட ஹூண்டாய் அயோனிக் 5 கார்களில் 1,744ஐ 2024 ஜூனில் கம்பெனி திரும்ப அழைத்தது. ஐ.சி.சி.யூ. என்ற அந்தக் கருவி பழுதானால் 12 வோல்ட் பேட்டரி இறங்கிப்போகும் என்பதே காரணம். இப்படித் திரும்ப அழைத்த வண்டி என்றதும் வாங்குபவர்கள் முகம் சுளிக்கிறார்கள். அது எல்லா வண்டிக்கும் பொருந்தாது. செவ்ரோலே போல்ட் காரில், எல்.ஜி. தயாரித்த செல்களில் கிழிந்த முனையும் மடிந்த பிரிப்புத் தாளும் சேர்ந்து தீப்பிடிக்கக் காரணமாயின. 2021இல் அதுவரை விற்ற போல்ட்கள் அனைத்தையும், ஏறக்குறைய 1,40,000 வண்டிகளை, ஜி.எம். திரும்ப அழைத்தது. மாற்றிக் கொடுத்த பேட்டரிக்கு வாரன்டியும் புதிதாகத் தொடங்கியது. பழைய காரில் புதுப் பேட்டரி. திரும்ப அழைத்து வேலை முடிந்ததற்கான ரசீது இருந்தால் அந்த வண்டிக்கு மதிப்புக் கூடத்தான் வேண்டும்.

டயர் சீக்கிரம் தேயும். எடையும் கிளம்பும் வேகமும் காரணம். பிரேக் பெரும்பாலும் மோட்டாரே பிடிப்பதால் டிஸ்க் தேயாது, ஆனால் வேலையில்லாமல் துருப்பிடிக்கும். சென்னை மாதிரி ஊரில் வெள்ளத்தில் நின்ற வண்டியா என்பதும் முக்கியம். ஐ.பி. 67 என்று அச்சிட்டிருப்பது ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரத்துக்கான தாங்குதிறன். அடித்தளத்தில் இரண்டு நாள் மூழ்கிக் கிடந்த வண்டிக்கு அந்த எண் எந்த உறுதியும் தராது.

கடைசியாக, பணமிருந்தும் சரிசெய்ய முடியாத நிலை. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் ஒரு குடும்பம், 17 வயது மகளுக்காக 2014 மாடல் ஃபோர்டு ஃபோகஸ் எலக்ட்ரிக்கை 11,000 டாலருக்கு வாங்கியது. ஆறு மாதத்தில் பேட்டரி போனது. புதியதற்கு 14,000 டாலர், கூலி தனி என்றார் டீலர். விசாரித்தபோது அந்த விலைக்கும் கிடைக்காது என்று தெரிந்தது. மாடலை 2018இலேயே நிறுத்திவிட்டார்கள், பேட்டரியும் வருவதில்லை. பேட்டரியின் சராசரி விலை 2024இல் யூனிட்டுக்கு 115 டாலர் வரை இறங்கிவிட்டதாக ப்ளூம்பெர்க்கின் ஆய்வுப் பிரிவு கணக்கிட்டிருக்கிறது. அது கார் கம்பெனி மொத்தமாக வாங்கும் விலை. அந்தக் குடும்பத்துக்கு அது எந்த விதத்திலும் உதவவில்லை. அரிதாக விற்ற மாடலைவிட, தெருவுக்குத் தெரு ஓடும் மாடலை வாங்குவதே புத்திசாலித்தனம். நாளை உதிரியும் அதை அவிழ்க்கத் தெரிந்த கையும் அதற்குத்தான் கிடைக்கும்.

இந்தியாவில் இந்தச் சந்தை இப்போதுதான் தொடங்குகிறது. 2020 ஜனவரியில் வந்த டாடா நெக்ஸான் இ.வி.யின் முதல் வண்டிகளுக்கு 8 ஆண்டு பேட்டரி வாரன்டி 2028இல் முடியத் தொடங்கும். அடுத்தடுத்த ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அந்தக் கோட்டைத் தாண்டும். இப்போது சில கம்பெனிகள் பேட்டரிக்கு ஆயுள் வாரன்டி என்று விளம்பரம் செய்கின்றன; சிறிய எழுத்தில் முதல் உரிமையாளருக்கு மட்டும் என்று இருக்கிறது. எம்.ஜி. விண்ட்சரில் கை மாறினால் அது 8 ஆண்டாகச் சுருங்கும். விற்பவர் விளம்பரத்தைக் காட்டினால், வாங்குபவர் வாரன்டிப் புத்தகத்தைக் கேட்க வேண்டும்.

தனிமனித எச்சரிக்கை ஓரளவுக்குத்தான் உதவும். மிச்சத்தைச் சட்டம் செய்ய வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2027 பிப்ரவரி 18 முதல் மின்சார வாகன பேட்டரி ஒவ்வொன்றுக்கும் டிஜிட்டல் பாஸ்போர்ட் கட்டாயமாகிறது. இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுநீக்கும் உரிமைக்கான இணையதளத்தைத் திறந்தது; வாகனத் துறையும் அதில் அடக்கம். அங்கே கையேடுகளும் உதிரி விலைகளும் இருந்தால் போதாது. பேட்டரிப் பெட்டியைத் திறக்கும் முறை, மாட்யூலைத் தனியாக விற்கும் கடமை, மாற்றிய மாட்யூலை வண்டியின் கம்ப்யூட்டர் ஏற்கச் செய்யும் மென்பொருள், இவை மூன்றும் பயிற்சி பெற்ற எந்தப் பட்டறைக்கும் கிடைக்க வேண்டும். பழைய கார் கை மாறும்போது ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் படிவம் 29, படிவம் 30 கொடுக்கிறோம். மின்சார கார் என்றால் அவற்றோடு மூன்றாவதாக ஒரு தாள் சேர வேண்டும்: அன்றைய தேதியில் பேட்டரியின் கொள்ளளவு எத்தனை சதவீதம், அளந்தது யார், இதுவரை பெட்டியைத் திறந்து என்ன மாற்றினார்கள் என்று எழுதி, விற்பவர் கையெழுத்துப் போட்ட தாள்.